பதினான்காம் தீர்மானம்

அந்தக் கதவு இப்போதைக்குத் திறக்காது சார். உட்காருங்கள். அந்த ஓரம் வேண்டாம், பெஞ்சுக்கு அங்கே கால் ஆடும். இப்படி வாருங்கள்.

வீட்டு வரி பெயர் மாற்றமா? வரி கிளார்க்கும் உள்ளேதான் இருக்கிறார். மன்றக் கூட்டம் என்றால் பேரூராட்சி ஆபீஸ் மொத்தமும் உள்ளே போய்விடும். பதினோரு மணிக்கு ஆரம்பித்தார்கள். இன்றைக்குப் பதினெட்டு தீர்மானம். இப்போது ஏழோ எட்டோ ஓடிக்கொண்டிருக்கும். பதினான்கு முடியும்வரை நானும் இங்கேதான் இருப்பேன். அதனால் பேசிக்கொண்டிருக்கலாம்.

எந்தத் தெரு? டேங்க் தெருவா? அப்படியென்றால் நம்ம வார்டு, ஒன்பது. பக்கிரிசாமி வாத்தியார் விற்ற வீடா? நல்ல வீடு. வாசலில் நின்றால் தண்ணீர்த் தொட்டி நேரே தெரியுமே, அதுதானே. பயப்படாதீர்கள். விற்கும்போது வாத்தியார் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார், வாங்கிய பிறகு அக்கம்பக்கத்தில் ஏதாவது சொல்லியிருப்பார்கள். அதற்கு ஒன்றும் ஆகாது. நான் சொல்கிறேன்.

என் பெயர் குஞ்சிதபாதம். ஒன்பதாவது வார்டு கவுன்சிலர் என்று யாரைக் கேட்டாலும் என்னைத்தான் காட்டுவார்கள். எழுத்துப்படி கவுன்சிலர் என் மனைவி மங்கையர்க்கரசி. உள்ளே இருக்கிறாள். நான் வெளியே இருக்கிறேன். கதவில் ஒட்டியிருக்கிறதே, படித்தீர்களா? "மன்ற உறுப்பினர்கள் தவிர மற்றவர்களுக்கு அனுமதி இல்லை." மற்றவர்கள் என்றால் யார்? நாங்கள்தான், கணவன்மார். எங்களுக்காகவே போன மாதம் புது செயல் அலுவலர் அம்மா ஒட்டியது. எட்டு பேர் இருக்கிறோம். மற்ற ஏழு பேரும் டீக்கடைக்குப் போய்விட்டார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். அப்போதுதான் புரியும்.

நான் பத்து வருஷம் கட்சிக்கு நாயாக உழைத்தவன். சுவர் எழுதியிருக்கிறேன், பூத்தில் உட்கார்ந்திருக்கிறேன், ஒருமுறை மண்டையில் மூன்று தையல். போன தேர்தலில் ஒன்பதாவது வார்டு எனக்குத்தான் என்று எல்லோரும் முடிவு செய்திருந்தோம். நாமினேஷனுக்கு இருபது நாள் முன்னால் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். என்ன செய்வது? வீட்டுக்குப் போனேன். மங்கை மாவு அரைத்துக்கொண்டிருந்தாள். "நாளைக்குப் போட்டோ எடுக்கணும், நல்ல பொடவ கட்டிக்க" என்றேன். இவ்வளவுதான் நாங்கள் பேசியது. நின்றது அவள், ஜெயித்தது நான். போஸ்டரைப் பார்த்தாலே தெரியும். அவள் படம் ஸ்டாம்பு அளவு, என் படம் தாம்பாளம் அளவு.

முதல் கூட்டத்துக்குப் போகும்போது பாவம், வாசலிலேயே நின்றுவிட்டாள். "என்னங்க, நான் அங்க என்ன பேசறது?"

"நீ ஒண்ணும் பேச வேணாம். என்னைப் பாரு, போதும்."

அப்போது கூட்ட அரங்கில் பின்வரிசையில் எங்களுக்கென்று நாற்காலி இருந்தது. அங்கிருந்து சைகை. நான் சட்டைப் பையைத் தொட்டால் "ஆதரிக்கிறேன்". துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தால் "எதிர்க்கிறேன்". எல்லோருக்கும் ஒன்று உண்டு. மூன்றாவது வார்டுக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார். பதினொன்றாவது வார்டு நஜிமுதீன் பாய் கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிற மாதிரி செய்வார், அது பேட்டரி கடிகாரம். ஒரு தீர்மானம் வாசித்ததும் எட்டு பெண்களும் ஒரே நேரத்தில் பின்னால் திரும்பிப் பார்ப்பார்கள். கல்யாணத்தில் போட்டோக்காரர் கூப்பிட்ட மாதிரி இருக்கும். நாலு வருஷம் ஒரு பிசகு இல்லை. தலைவர் நம் கட்சி. அதனால் நான் துண்டை எடுக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது. மூன்றே முறைதான். மூன்றும் தலைவரே சொல்லி, பேருக்கு ஒரு எதிர்ப்பு.

இப்போது தொட்டிக்கு வருகிறேன்.

எழுபத்தொன்பதில் கட்டியது. எட்டு தூண், ஒரு லட்சம் லிட்டர். ஊரில் பாதிக்கு அதிலிருந்துதான் தண்ணீர். நல்ல நிழல் இருக்கிறதே என்று பிறகு யாரோ அடியில் அங்கன்வாடி கட்டினார்கள். வயதானால் எல்லாவற்றுக்கும் தோல் உரியும். தூணில் சிமெண்டு பெயர்ந்து கம்பி தெரிந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அதற்குப் பூச்சு வேலை நடந்தது. டெண்டர் என் சகலை வேல்முருகன் பேரில். பேர்தான் அவன் பேர். வெயிலில் நின்று வேலை வாங்கியது நான். கவுன்சிலர் குடும்பம் டெண்டர் எடுக்கக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும். சொந்த வார்டு வேலையை வெளியாள் செய்தால் அக்கறையாகச் செய்வானா?

முறைப்படி பார்த்தால் கம்பியில் இருக்கிற துருவைச் சுரண்டி எடுத்து, ஒரு மருந்து பூசி, அதற்குப் பிறகுதான் சிமெண்டு வைக்க வேண்டும். சாரம் கட்டி இரண்டு மாதம் நிற்கிற வேலை. தேர்த் திருவிழாவுக்கு முன்னால் முடி என்று தலைவர் சொல்லிவிட்டார். முடித்தேன். மேலே பூசி, நீல பெயிண்ட் அடித்து, சுற்றிலும் மஞ்சளில் ஒரு பட்டை. நீங்கள் அப்போது பார்த்திருக்க வேண்டும் சார். கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது.

விழுந்ததா? ஒரு துண்டு விழுந்தது. யார் சொன்னார்கள் உங்களிடம்? போன தை மாதம், மத்தியானம். பிள்ளைகள் கைகழுவப் போயிருந்தார்கள். ஒரு சாப்பாட்டுத் தட்டு நசுங்கியது, அவ்வளவுதான். அதற்குள் ஊர் முழுக்க, தொட்டி சாய்கிறது, தொட்டி சாய்கிறது என்று. நான் தினமும் அந்த வழியாகத்தான் போகிறேன். முன்பெல்லாம் வண்டியைக்கூடத் தொட்டி அடியில்தான் நிறுத்துவேன். இப்போது நிறுத்துவதில்லை. அது வேறு காரணம். காக்கை எச்சம்.

மங்கை அந்த நாளிலிருந்து மத்தியானம் தோறும் அங்கன்வாடிக்குப் போக ஆரம்பித்தாள். கவுன்சிலர்தானே, முட்டை சரியாகப் போடுகிறார்களா என்று பார்க்கிறாள் போல என்று விட்டுவிட்டேன். நல்லதுதானே, வார்டில் பேர் வரும். அதே சமயத்தில்தான் தூண்களில் யாரோ பென்சிலால் கோடு போட ஆரம்பித்தார்கள். விரிசல் எங்கே முடிகிறதோ அங்கே ஒரு சின்னக் கோடு, பக்கத்தில் ஏதோ எண். பார்க்க அசிங்கமாக இருந்தது. பெயிண்டரைக் கூப்பிட்டு, பிள்ளைகள் வேலை, அழித்துவிடு என்றேன். "அங்கன்வாடிப் புள்ளைங்களுக்கு இந்த ஒயரம் எட்டுமாண்ணே?" என்றான். நாற்காலி போட்டு ஏறியிருக்கும்டா என்றேன். இரண்டு வாரத்தில் மறுபடி கோடு. இன்னும் கொஞ்சம் மேலே. இந்தக் காலத்துப் பிள்ளைகளை வளர்க்கிறார்களா என்ன.

இப்போது விஷயம் என்னவென்றால், பேரூராட்சி கையில் நாற்பத்தெட்டு லட்சம் இருக்கிறது. புதுத் தொட்டி கட்ட ஒரு கோடியே நாற்பது. அரசாங்கம் மீதியைத் தரும். எப்போது தரும்? ஊர்ப் பங்கை முதலில் கட்ட வேண்டும், பழைய தொட்டியை இறக்கிவிட்டேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும், அதற்குப் பிறகு தரும். எவ்வளவு நாளில்? அது யாருக்கும் தெரியாது. அதுவரை பாதி ஊருக்கு லாரித் தண்ணீர். அடுத்த வருஷம் தேர்தல். நீங்களே சொல்லுங்கள்.

தலைவர் சடகோபன் விவரமானவர். அவர் சொன்ன வழி இது. தூண்களுக்கு மறுபடி ஒரு பூச்சு, ஒன்பது லட்சத்தில். மீதிப் பணத்தில் ஊர் நுழைவில் ஒரு வளைவு, கடைத்தெருவுக்கு சிமெண்டுக் கல் பதித்த நடைபாதை. அமைச்சரைக் கூப்பிட்டுத் திறக்கலாம். "பழசத் தாங்கிப் புடிச்சவனுக்கு எவன்யா மால போட்டிருக்கான்?" என்று கேட்டார். நியாயம்தானே? இதற்கு முன்னால் நாலு தலைவர்கள் இருந்திருக்கிறார்கள். நாலு பேரும் இந்தத் தொட்டிக்காக மேலே கடிதம் எழுதியிருக்கிறார்கள். யார் பேராவது ஊரில் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? பஸ் ஸ்டாண்டில் கழிப்பறை கட்டியவர் பேர் எல்லோருக்கும் தெரியும்.

பூச்சு வேலையை மறுபடி சகலை பேரில் தருவதாகப் பேச்சு. அது பெரிதில்லை. அடுத்த தேர்தலில் ஒன்பதாவது வார்டு பொதுவாகிவிடும், சீட்டு எனக்கு என்று தலைவர் கையைப் பிடித்துச் சொன்னார். அதுதான் எனக்குப் பெரிது. பதினான்கு வருஷம் ஆகிறது சார், இந்த ஆபீசுக்கு நான் வர ஆரம்பித்து. ஒருநாள்கூட உள்ளே அந்த வட்ட மேஜையில் உட்கார்ந்ததில்லை.

போன மாதக் கூட்டம். கத்திரி வெயில். அன்றைக்கும் அது பதினான்காவது தீர்மானம்தான். தூண்களுக்குப் பூச்சு, வளைவு, நடைபாதை, எல்லாம் ஒரே தீர்மானமாக. அரங்கில் ஆறு ஃபேன். பின்வரிசைக்கு மேலே இருக்கிற ஃபேன் நின்றுவிட்டது. நான் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். துண்டை எடுக்கக் கூடாது, பாருங்கள். எட்டாவது தீர்மானத்திலேயே சட்டை ஒட்டிவிட்டது. பத்தாவதில் நெற்றியிலிருந்து சொட்டுகிறது. பக்கத்தில் நஜிமுதீன் பாய் விசிறிக்கொண்டிருக்கிறார். அவருக்கென்ன, அவருடையது கைக்கடிகாரம். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதின்மூன்று முடிந்தது. கிளார்க் பதினான்கை வாசிக்க ஆரம்பித்தார். சட்டைப் பையை நோக்கிக் கை போகிறது. அந்த நேரம் பார்த்து வேர்வை கண்ணில் இறங்கிவிட்டது. உப்பு. நெருப்பு வைத்த மாதிரி. என்னையறியாமல் துண்டை எடுத்துத் துடைத்துவிட்டேன்.

கண்ணைத் திறந்து பார்க்கிறேன், மங்கை எழுந்து நிற்கிறாள்.

"தலைவர் அவர்களே, நான் எதிர்க்கிறேன்."

அரங்கில் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் சட்டைப் பையைத் தொட்டேன். தட்டினேன். பைக்குள் இருந்த பேனா உடைகிற மாதிரி தட்டினேன். அவள் திரும்பவே இல்லை. "எதிர்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு உட்கார வேண்டும், அதுதான் நான் சொல்லிக்கொடுத்தது. உட்காரவில்லை. பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். எப்படி அவள் பையில் காகிதம் வந்தது என்றா கேட்கிறீர்கள்? பெண்கள் பையில் என்னதான் இருக்காது சார். பஸ் டிக்கெட், திருநீறு, மாத்திரை, எல்லாம் இருக்கும். அந்தக் காகிதத்தில் தேதி வாரியாக ஏதோ எழுதியிருந்தது. தை பத்தொன்பது, ஒரு சாண். மாசி ஆறு, ஒரு சாண் நாலு விரல். பங்குனி இவ்வளவு. இப்படியே வாசிக்கிறாள். பிறகு ஒரு கைக்குட்டையைப் பிரித்து மேஜை மேல் ஒரு சிமெண்டுக் கட்டியை வைத்தாள். ஒரு பக்கம் நீல பெயிண்ட். மறு பக்கம் துரு.

ஜே.இ.யைப் பார்த்துக் கேட்டாள். இளம்பையன், இஞ்சினியர். "சார், தொட்டி இன்னும் எத்தன நாள் தாங்கும்?"

"சொல்ல முடியாதுங்கம்மா."

"தாங்கும்னு சொல்ல முடியாதா, தாங்காதுன்னு சொல்ல முடியாதா?"

"ரெண்டுமே சொல்ல முடியாது. டெஸ்ட் பண்ணினாத்தான் தெரியும்."

"டெஸ்டுக்கு எழுதினீங்களா?"

"நாலு வருஷமா எழுதறோம். நிதி இல்லன்னு வருது."

தலைவருக்கு முகம் சிவந்துவிட்டது. "அம்மா, இன்னைக்குத் தொட்டிய எறக்கினா நாளைக்குத் தண்ணிக்கு எங்க போவாங்க? காலிக்கொடத்தோட ரோட்டுல உக்காருவாங்க. உங்க வீட்டு வாசல்லதான் மொதல்ல உக்காருவாங்க."

"உக்காரட்டும்ங்க. உசுரோட உக்காருவாங்க."

சார், இப்படியெல்லாம் பேசுகிறவள் இல்லை அவள். காய்கறிக்காரனிடம் விலை குறைத்துக் கேட்கவே கூச்சப்படுவாள். ஒருமுறை எழுந்துவிட்டாளா, எழுந்த பிறகு சும்மா எப்படி நிற்பது என்று வாயில் வந்ததைப் பேசியிருக்கிறாள். அப்படித்தான் நான் புரிந்துகொண்டேன். நான் பார்த்தது அதுவல்ல. நான் பார்த்தது பின்வரிசையை. மூன்றாவது வார்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றுகிறார், மாட்டுகிறார், கழற்றுகிறார். பாய் கடிகாரத்தைத் திருகித் திருகி வார் அறுந்து கையோடு வந்துவிட்டது. ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. ஏழு பெண்களும் மங்கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் பேசும்போது இடையில் திரும்பினால் மரியாதையாக இருக்காது என்று நினைத்திருப்பார்கள்.

தீர்மானத்தை ஒத்திவைத்துவிட்டு தலைவர் எழுந்து போய்விட்டார். மறுநாளே இந்த நோட்டீஸ்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். "ஏன்டி எழுந்தே?"

"நீங்கதானே மொகத்தத் தொடச்சீங்க."

"அது வேர்வைடி!"

"வேர்வையா எதிர்ப்பான்னு அவ்ளோ தூரத்துல எனக்கெப்படிங்க தெரியும்?"

நியாயமான கேள்வி. நாலு வருஷமாக ஒரே சைகை. வேர்வைக்கென்று தனியாக ஒரு கைக்குட்டை வைத்துக்கொள்ள எனக்குத்தான் புத்தி இல்லை. காகிதம் ஏது என்றேன். டீச்சர் கொடுத்தாங்க என்றாள். கட்டி? அதுவும் டீச்சர்தான். அங்கன்வாடி டீச்சரை மாற்றச் சொல்லி அன்றைக்கே மனு எழுதி வைத்துவிட்டேன், இன்னும் கொடுக்கவில்லை.

தலைவர் கூப்பிட்டு அனுப்பினார். நாலு பேர் உட்கார்ந்திருக்கும்போதே கேட்டார். "என்ன குஞ்சிதம், வீட்டையே கட்டி மேய்க்கத் தெரியல, வார்ட எப்படிய்யா மேய்ப்பே?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய? சைகையில் தவறு நடந்துவிட்டது, அடுத்த கூட்டத்தில் சரியாகிவிடும் என்றேன். "சரியாகலேன்னா சீட்ட மறந்துடு" என்றார். அந்த அடுத்த கூட்டம்தான் இது.

ஒரு வாரமாக வீட்டில் தயார் செய்தேன். "பதினாலு வந்ததும் என்ன சொல்லுவே?"

"நீங்க சொன்னத."

"நான் என்ன சொன்னேன்?"

"ஆதரவு."

"இன்னொரு தரம் சொல்லு."

"சோறு கொழையுது, நகருங்க."

இது போதாதா? போதும். ஆனாலும் உள்ளே போனால் யாராவது கலைத்துவிடுவார்களோ என்று ஒரு பயம். அதற்கும் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். ஆபீஸ் உதவியாளர் கலியபெருமாள் நம்ம ஆள். பன்னிரண்டாவது தீர்மானத்தில் டீ கொண்டுபோவான். மற்றவர்களுக்கு வெறும் டீ. மங்கைக்கு மட்டும் தட்டில் இரண்டு பிஸ்கட். பிஸ்கட்டைப் பார்த்ததும் நான் சொன்னது ஞாபகம் வர வேண்டும். காலையில் வண்டியில் வரும்போது சொல்லிவைத்தேன். தலையாட்டினாள்.

அதோ, போகிறான் பாருங்கள். தட்டு தெரிகிறதா? ஓரத்தில் இருக்கிறதே, அதுதான்.

அதற்குள் வந்துவிட்டாயா? என்னடா இது, பிஸ்கட் அப்படியே இருக்கிறது?

"வேணாம்னுட்டாங்கண்ணே. 'வெளிய பெஞ்சுல இருப்பாரு, அவருக்குக் குடு, காலையில சாப்டாம கெளம்பிட்டாரு'ன்னாங்க."

பார்த்தீர்களா சார் அக்கறையை? அத்தனை பேர் நடுவில் நான் சாப்பிடாததை நினைத்துக்கொண்டிருக்கிறாள். பிஸ்கட்டைப் பார்த்துவிட்டாள் அல்லவா, அது போதும். வேலை முடிந்தது. எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று உங்களுக்கு. சர்க்கரை உண்டா? இல்லையென்றால் சாப்பிடுங்கள். எனக்கு இறங்காது.

பதின்மூன்று குப்பை வண்டி டயர். அது இரண்டு நிமிஷம்.

இப்போது பதினான்காகத்தான் இருக்கும். சத்தம் அடங்கிவிட்டது பாருங்கள். கிளார்க் வாசிக்கிறார்.

நீங்கள் ஏன் சார் அதையே திரும்பக் கேட்கிறீர்கள்? தாங்கும். நாற்பத்தைந்து வருஷம் நின்றது இன்னும் ஒரு வருஷம் நிற்காதா? தேர்தல் முடியட்டும். நான் உள்ளே போனதும் முதல் வேலை அதுதான். முறைப்படி சாரம் கட்டி, துரு எடுத்து, எப்படிச் செய்ய வேண்டுமோ அப்படி. எனக்குத் தெரியாதா எங்கே என்ன விட்டுப்போயிருக்கிறது என்று? என்னைவிட அந்தத் தூண்களைத் தெரிந்தவன் யார்? அடுத்த தெருவில்தான் எங்கள் வீடும் இருக்கிறது. என் மகள் வயிற்றுப் பேத்திக்கு அடுத்த மாதம் மூன்று வயது முடிகிறது. அவளையும் அங்கன்வாடியில்தான் விடலாம் என்றார்கள். நான்தான் வேண்டாம், வேன் வருகிற பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடு என்றேன். இங்கிலீஷ் வரும்.

நாற்காலி நகர்கிறது. யாரோ எழுந்திருக்கிறார்கள்.

தலைவர் குரல் அது. ஏன் கத்துகிறார்? யாராவது எதிர்க்கட்சி ஆளாக இருக்கும். ஏழாவது வார்டுக்காரன் எப்போதும் அப்படித்தான், தன் தெருவுக்கு விளக்கு போடவில்லை என்றால் எல்லாத் தீர்மானத்திலும் எழுந்து நிற்பான். ஒருமுறை சுடுகாட்டுச் சுவர் தீர்மானத்தில் தெருவிளக்கு பேசினான். உங்களுக்கு விளக்கு இருக்கிறதா வாசலில்? இல்லையென்றால் சொல்லுங்கள், நான் போட்டுத்தருகிறேன். போன வருஷம் டேங்க் தெருவுக்கு மட்டும் பதினோரு விளக்கு. எல்லாம் நான் அலைந்து வாங்கியது. யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப்பாருங்கள், குஞ்சிதபாதம் செய்தாரா இல்லையா என்று.

பெண் குரல். மங்கை மாதிரி இருக்கிறது. இல்லை, ஆறாவது வார்டு அம்மா. இல்லை. மங்கைதான்.

"ஆதரவு" என்று சொல்ல இவ்வளவு நேரம் ஆகாதே.

கதவு திறக்கிறது. எழுந்திருங்கள், தலைவர் வருகிறார். வணக்கம் தலைவரே.

பார்க்கவில்லை. போன் பேசிக்கொண்டு போகிறார், அதனால் இருக்கும்.

கலியபெருமாள், இங்கே வா. என்னடா?

"தோத்துடிச்சுண்ணே."

எது?

"பதினாலுதான். கை தூக்கச் சொல்லி எண்ணினாங்க. ஒம்பது பேர் எதிர்ப்பு. எட்டு பொம்பளைங்களும் தூக்கிட்டாங்க, கூட ஆம்பளைங்கள்ல தையக்கட ராமலிங்கம் ஒருத்தரு. அப்புறம் அம்மா சொன்ன திருத்தத்த எடுத்தாங்க. தொட்டிய எறக்கறது, கையில இருக்கற பணத்த ஊர்ப் பங்கா கட்டறது. அதே ஒம்பது பேர். இன்னைக்கே தண்ணிய வடிச்சுடணுமாம். குழாய் பிட்டருக்குப் போன் போயிடிச்சு. புள்ளைங்கள நாளையிலேர்ந்து நூலகத்துல வச்சுக்கச் சொல்லிட்டாங்க. மீதி நாலு தீர்மானத்தையும் தள்ளி வச்சுட்டாங்க."

பிஸ்கட் காட்டினாய்தானே?

"காட்டினேண்ணே. அது இல்ல இப்ப. தலைவர் அம்மாவ மடக்கப் பாத்தாரு. 'மூணு வருஷம் முன்ன பூசினப்ப நல்லாத்தானே இருந்துது, அத செஞ்சது உங்க தங்கச்சி புருஷன்தானே, அப்ப எங்கம்மா போனீங்க'ன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. அம்மா சிரிக்கல. 'பேரு மட்டும்தான் அவரு பேரு, வேல பாத்தது எங்க வீட்டுக்காரரு, துரு எடுக்காம பூசினாங்க, நானே பாத்தேன், இதையும் எழுதிக்குங்க'ன்னாங்க."

வீட்டுக்காரர் என்றா சொன்னாள்?

"மொதல்ல அப்படித்தாண்ணே. செயல் அலுவலர் மேடம், வீட்டுக்காரர்னு மினிட்ஸ்ல எழுத முடியாதும்மா, பேர் சொல்லுங்கன்னாங்க. சொல்லிட்டாங்க."

பேரையா?

"ஆமாண்ணே. பேரத்தான். அம்மா வர்றாங்க, நான் போறேன்."

மங்கை. மங்கை, நில்லு.

"பிட்டர் தனியா நிக்கிறாரு, நான் டேங்குக்குப் போறேங்க. மூணு மணிக்குத் தண்ணி நின்னுடும். நீங்க வீட்டுக்குப் போயி அண்டா, குடம், பக்கெட்டு எல்லாத்தையும் ரொப்பி வைங்க. பக்கத்து வீட்டு ஆயாவுக்கும் ரெண்டு கொடம். சோறு வடிச்சு வச்சிருக்கேன், மொதல்ல சாப்டுங்க."

போய்விட்டாள். பாருங்கள், எட்டு பேரும் சேர்ந்து நடந்தே போகிறார்கள். இந்த வெயிலில்.

இருபத்தெட்டு வருஷம் சார். இருபத்தெட்டு வருஷத்தில் அவள் என் பேரைச் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால் கார்டை நீட்டுவாள். எங்கள் பெண் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டதற்கு, சுவரில் இருந்த நடராஜர் காலண்டரைக் காட்டி, தூக்கின காலைத் தொட்டுக் காட்டினாள், அதுதானே குஞ்சிதபாதம். அந்த நர்ஸுக்கு அது எங்கே புரியும், நடராஜன் என்று எழுதிவிட்டார். என் மகளின் பிறப்புச் சான்றிதழில் இன்றைக்கும் நான் நடராஜன்தான். தேர்தல் மனுவில் கணவர் பேர் கேட்ட அதிகாரியிடம்கூட நான்தான் பக்கத்தில் நின்று சொன்னேன். நான் இல்லாத இடத்தில் ஒருதரம் வாய்விட்டுக் கூப்பிட்டுப் பார்ப்பாளோ என்று புதிதில் நினைத்திருக்கிறேன். கல்யாணமான புதிதில். கேட்கவா முடியும்?

கலியபெருமாள், ஒரு நிமிஷம். எப்படிச் சொன்னாள்?

"எப்படின்னா? சத்தமாத்தாண்ணே. மேடத்துக்கு மொதல்ல பிடிபடல, பெரிய பேராச்சே. இன்னொரு தரம் சொல்லச் சொன்னாங்க. இன்னொரு தரமும் சொன்னாங்க, நிதானமா. உங்க அப்பா பேரோட."

இரண்டு தரம்.

சீட்டு போயிற்று. வழக்கு வந்தாலும் வரும். சகலை இன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து நிற்பான். அதையெல்லாம் பிறகு பார்க்க வேண்டும். சார், நீங்கள் கதவை ஒட்டித்தானே உட்கார்ந்திருந்தீர்கள். நான் பேசிக்கொண்டே இருந்துவிட்டேன். உங்களுக்கு ஏதாவது கேட்டதா?